கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்கே கடிக்கிறது: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கோவையில் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. சட்டம் படித்தவன் இல்லை. முதல் ஏழெட்டு வருடம், வாடிக்கையாளர் அனுப்பும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிங்க" என்பார் பர்ச்சேஸில் இருப்பவர். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. இரண்டு தடவை பணம் போன பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன்.

பம்ப்செட் ஓடவில்லை என்றால் மெக்கானிக் எடுத்ததும் மோட்டாரைப் பிரித்துப் போடுவதில்லை. உறுமுகிறதா, சூடாகிறதா, டிரிப் ஆகிறதா என்று கேட்டுவிட்டு அந்த இடத்தைத் திறக்கிறார். ஒப்பந்தத்தையும் அப்படியே பார்க்கலாம். என்னைப் போன்ற சின்ன யூனிட்காரர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் கோளாறுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ நேராக அங்கே போங்கள். எல்லாம் இந்தியச் சட்டப்படி. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால் அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன்.

ஒரு வாக்கியம் பத்து வரி ஓடுகிறது, மண்டையில் ஏறவில்லை

திரையில் படிக்காதீர்கள், பிரிண்ட் எடுங்கள். நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஷல்' அல்லது 'மே' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும். 'மே' என்றால் விருப்பம் இருந்தால் செய்யலாம். அதற்கு முன்னால் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் என்றால் சிவப்பு, அவர்கள் பெயர் என்றால் நீலம். நான் முதன்முதலில் இப்படிக் கோடு போட்ட ஒப்பந்தத்தில் என் 'ஷல்' முப்பதுக்கு மேல், அவர்களுடையது நான்கு. அவர்கள் பக்கம் இருந்ததெல்லாம் 'மே'. அதைப் பார்த்ததுமே யார் எழுதிய ஒப்பந்தம் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து வாக்கியத்தை உடைப்பது. ஒரு மாதிரி: "வாங்குபவர் அவ்வப்போது வகுக்கும் தர நிர்ணயத்துக்கு உட்பட்டு, ஆர்டர் கிடைத்த 10 நாட்களுக்குள், வாங்குபவர் குறிப்பிடும் இடத்தில், விற்பவர் தன் செலவில் சரக்கை ஒப்படைக்க வேண்டும், தவறினால் வாங்குபவர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டு கூடுதல் செலவை விற்பவரின் பில்லில் கழித்துக்கொள்ளலாம்."

யார்? நான். என்ன? சரக்கு ஒப்படைக்க வேண்டும். எப்போது? 10 நாளில். எங்கே? அவர்கள் சொல்லும் இடத்தில். இன்றைக்கு உள்ளூர் கணபதி ஏரியா, நாளைக்கு ஓசூர் என்றால் லாரி வாடகை என் தலையில். தரம்? 'அவ்வப்போது வகுக்கும்' என்றால் நடுவில் மாறலாம். தவறினால்? வெளியில் என்ன விலைக்கு வாங்கினாலும் வித்தியாசம் என் பில்லில் கழியும். யார், என்ன, எப்போது, எங்கே, தவறினால் என்ன: இந்த ஐந்து கேள்வியைப் போட்டால் எந்த வாக்கியமும் உடையும். விடை இல்லாத கேள்வி இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். சண்டை வந்தால் அங்கேதான் வரும்.

இணைப்புச் சொல் இரண்டை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 'சப்ஜெக்ட் டு கிளாஸ் 14' என்றால் இந்த வரி 14ஆம் பிரிவுக்கு அடங்கியது. 14 என்ன சொல்கிறதோ அதுதான் நிற்கும். 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்றால் தலைகீழ்: வேறெங்கே என்ன எழுதியிருந்தாலும் இந்த வரிதான் மேலே. இனிப்பாக இருக்கும் வரியில் 'சப்ஜெக்ட் டு' இருந்தால், அது காட்டும் பிரிவுக்குப் போய்ப் பார்க்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

எல்லாம் தெரிந்த சொல்தான், ஆனாலும் நான் புரிந்துகொண்டது தப்பாகிறது

'இண்டெம்னிஃபை' (அவர்களுக்கு வரும் நஷ்டத்தை நாம் ஈடுகட்டுவது) போன்ற சொல்லைப் பார்த்துத்தான் முதலில் பயந்தேன். யோசித்துப் பார்த்தால் கடினமான சொல்லால் எனக்குப் பணம் போனதில்லை. புரியாததால் யாரிடமாவது கேட்டுவிடுவேன். என் பணத்தைத் தின்றதெல்லாம் 'டெலிவரி', 'அக்செப்டன்ஸ்', 'டே' மாதிரி எட்டாவது படிக்கும் பையனுக்கும் தெரிந்த சொற்கள்.

ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் 'டெலிவரியில் இருந்து 45 நாளில் பணம்' என்று இருந்தது. எங்கள் வண்டி அவர்கள் கேட்டில் இறக்கிய நாளில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டாம் பக்கத்து விளக்கப் பட்டியலில் டெலிவரி என்றால் 'தரப் பரிசோதனை முடிந்து, சரக்கு வரவுச் சீட்டு போட்ட நாள்' என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டைப் போட அவர்களுக்கு மூன்று வாரம் ஆகும். ஒரு ஐப்பசி மாதம், தகர ஷெட்டின் ஓரத்தில் இருந்த என் பெட்டிகள் ஈரம் குடித்து வலுவிழந்தன. பரிசோதனையில் ஃபெயில். "டெலிவரிக்கு முன்னாடி கெட்டுப்போன சரக்கு, உங்க பொறுப்புதானே?" என்றார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் சொன்னது சரி.

அடையாளம் இதுதான்: வாக்கியத்தின் நடுவில் ஒரு சாதாரணச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அதற்குத் தனி அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். அநேகமாக முதல் இரண்டு பக்கத்துக்குள் 'டெஃபினிஷன்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும். அந்தப் பட்டியலைத் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். 'டே' என்றால் நாட்காட்டி நாளா, வேலை நாளா என்று பாருங்கள். 30 வேலை நாள் என்பது சுமார் ஆறு வாரம். 'திருப்திகரமாக' என்று இருந்தால் யாருக்குத் திருப்தி என்று பாருங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால், அடுத்த ஆர்டரிலாவது ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சரக்கு இறக்கி 7 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.

பில் போட்டு மூன்று மாதம், பணம் வரவில்லை. கேட்டால் ஒப்பந்தத்தில் 90 நாள் என்கிறார்கள்

இந்த இடத்தில் மட்டும் ஒப்பந்தத்தை மூடி வைத்துவிட்டுச் சட்டத்தைத் திறக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன் 15ஆம் பிரிவுப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45-ஐத் தாண்ட முடியாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். என் பழைய 'டெலிவரி' கதை நடந்தபோது இது எனக்குத் தெரியாது.

கெடு தாண்டினால் 16ஆம் பிரிவு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். தராவிட்டால் இதற்கென்று இருக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனுப் போடலாம். கோவையிலும் ஒன்று இருக்கிறது. அங்கே வந்த தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்து, பழைய பில்லுக்கும் சேர்த்துக் கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே இன்றைக்கே செய்யுங்கள். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும். இந்த 45 நாள் பாதுகாப்பு அதில் வராது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கவுன்சிலுக்குப் போனால் அந்த வாடிக்கையாளர் அநேகமாகப் போய்விடுவார். நான் இதுவரை ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் ஆர்டர் நின்ற பிறகு. மற்ற நேரமெல்லாம் அவர்கள் ஆடிட்டரை நினைவூட்டுவேன். 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த மாற்றப்படி, எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். மார்ச் மாதம் ஒரு மரியாதையான மெயில் போட்டால் அக்கவுன்ட்ஸில் இருந்து அவர்களே கூப்பிடுகிறார்கள்.

தாமதம் என்று சொல்லிப் பில்லில் பிடித்துவிட்டார்கள்

'லிக்விடேட்டட் டேமேஜஸ்' (தவறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் இழப்பீடு) என்ற தலைப்பைத் தேடுங்கள். வாரத்துக்கு அரை சதவீதம் என்கிற மாதிரி ஒரு கணக்கு இருக்கும். பார்க்க வேண்டியது சதவீதத்தை விட, எதன் மேல் சதவீதம் என்பதை. எட்டு லட்ச ரூபாய் ஆர்டரில் ஒரு லட்சத்துச் சரக்கு மட்டும் நான்கு வாரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். தாமதமான சரக்கின் மதிப்பில் பிடித்தால் 2,000 ரூபாய். மொத்த ஆர்டர் மதிப்பில் பிடித்தால் 16,000. ஒரே அரை சதவீதம்தான். அடுத்து உச்சவரம்பு. ஐந்து, பத்து சதவீதத்துக்கு மேல் போகாது என்ற வரி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, தாமதம் யாரால்? டிசைன் ஒப்புதலை அவர்கள் பத்து நாள் கழித்துக் கொடுத்திருந்தால் அந்தப் பத்து நாள் கணக்கில் இருந்து கழிய வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதவில்லை என்றால், ஒப்புதல் தாமதமாகும் அன்றைக்கே மெயில் போட்டு வையுங்கள்.

பிடித்த பிறகு என்ன செய்யலாம்? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். தாமதத்தால் உண்மையில் நஷ்டமே இல்லை என்று காட்ட முடிந்தால் முழுத் தொகையைப் பிடிப்பது கேள்விக்குரியது. "என்ன நஷ்டம் வந்தது, விவரம் தர முடியுங்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு ஒரு தடவை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, பாதிப் பிடித்தம் திரும்ப வந்தது.

வழக்குப் போட வேறு மாநிலத்துக்குப் போகணுமாம்

கடைசிப் பக்கங்களில் 'ஜூரிஸ்டிக்ஷன்', அதாவது வழக்கை எந்த ஊர் நீதிமன்றம் விசாரிக்கும் என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. இதை வைத்து நம்ம சேலத்து வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சேலத்து வியாபார நிறுவனம் ஒன்று, குஜராத் கம்பெனியிடம் ஜரிகை மாதிரியான மெட்டாலிக் நூல் 5,000 பாபின் ஆர்டர் கொடுத்தது, பாபின் 35 ரூபாய். தகராறு வந்து சேலத்தில் வழக்குப் போட்டார்கள். விற்பனை நிபந்தனையில் குஜராத்தில் உள்ள 'கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று இருப்பதால் இங்கே போடக்கூடாது என்றது எதிர்த்தரப்பு. 1989-இல் தீர்ப்பு: 'மட்டும்' என்ற பொருள் தரும் சொல் இல்லை, ஆகவே சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு 'மட்டும்' இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2013-இல் இன்னொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும், ஓர் ஊர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாலே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம் தெரியலாம் என்று சொல்லிவிட்டது. இப்போதைய நிலையில், எழுதியிருக்கும் ஊர்தான் ஊர் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

'ஆர்பிட்ரேஷன்' (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பது) இருந்தால் 'சீட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்று பாருங்கள், அதுதான் நடுவர் விசாரணைக்குச் சட்டப்படியான ஊர். நடுவரை அவர்கள் எம்.டி.யே நியமிப்பார் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முடிவில் அக்கறை உள்ளவர் தனி ஒருவராக நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. '90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போச்சு' என்கிற வரியும் ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி செல்லாது. பொதுவாகப் பணப் பாக்கிக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு.

"அப்படி நாங்க சொல்லவே இல்லையே"

வாயால் ஒன்று சொன்னார்கள், தாளில் வேறொன்று இருக்கிறது. 'என்டயர் அக்ரிமென்ட்' என்ற பிரிவைப் பாருங்கள். இந்த ஒப்பந்தம்தான் எல்லாம், முன்னால் பேசியது எதுவும் கணக்கில்லை என்று அது சொல்லும். அந்தப் பிரிவே இல்லாவிட்டாலும், எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவருவதைச் சாட்சியச் சட்டம் பெரும்பாலும் அனுமதிக்காது. கையெழுத்துக்கு முன்னால் பேசியதை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவாருங்கள். பின்னால் பேசுவதை அன்றைக்குச் சாயங்காலமே மெயிலாக்குங்கள்: "இன்று பேசியபடி பேப்பர் விலை ஏறியதால் பெட்டிக்கு ஒரு ரூபாய் கூட்டி அனுப்புகிறோம், மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவிக்கவும்." திருத்தம் என்றால் இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மெயில் போதாது, அவர்களிடம் இருந்து ஓர் 'ஓகே'யாவது கையொப்பத்தோடு வாங்குங்கள்.

கம்பெனிக்காகப் போட்ட கையெழுத்து வீடு வரை வருகிறது

'கேரன்டர்' (ஜாமீன்தாரர்) என்று உங்கள் பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரியோடு எங்காவது இருக்கிறதா? இருந்தால் பேனாவை மூடுங்கள். ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி, வேறு மாதிரி எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. முதலில் கம்பெனியிடம் கேளுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. தவிர்க்கவே முடியாது என்றால் தொகைக்கு ஒரு எல்லையும், முடிவுத் தேதியும் போடச் சொல்லுங்கள். தொடர் ஜாமீனை (ஒரு தடவையோடு நிற்காமல் அடுத்தடுத்த கொடுக்கல் வாங்கலுக்கும் நீள்வது) இனி வரும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம், அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

'செக்யூரிட்டிக்கு ரெண்டு பிளாங்க் செக்' என்று கேட்பது எங்கள் பக்கம் சகஜம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மற்றவர் நிரப்பினாலும் அது செல்லும், பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கும் வரும். கொடுத்தே ஆக வேண்டுமானால் எண், எதற்காகக் கொடுத்தது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்று ஒரு கடிதம் வைத்து, அதன் நகலில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன், இன்னும் பணம் பிடிக்கிறார்கள்

'ரினியூவல்', 'டெர்ம்', 'நோட்டீஸ்' மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். தானாகவே இன்னொரு வருடம் நீளும், வேண்டாம் என்றால் 60 நாள் முன்னால் பதிவுத் தபாலில் சொல்ல வேண்டும் என்று இருக்கும். ஃபோனில் சொன்னது, வாட்ஸ்அப்பில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. கையெழுத்திட்ட அன்றே அந்தக் கெடுத் தேதியை ஃபோன் காலண்டரில் போடுங்கள்.

மாற்றச் சொன்னால் "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தாங்க" என்கிறார்கள்

இருபது திருத்தம் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. சட்டத் துறைக்குப் போய் அங்கேயே தூங்கும். நான் மூன்றுக்கு மேல் கேட்பதில்லை: ஏற்புக் கெடு, பிடித்தத்துக்கு உச்சவரம்பு, தனிப்பட்ட ஜாமீன் நீக்கம். ஒப்பந்தத்தைத் தொட மறுத்தால், ஆர்டரோடு ஒரு பக்கக் கடிதமாக இரு தரப்பும் கையெழுத்திடலாம் என்கிறேன். அப்போது 'ஆர்டர் ஆஃப் பிரிசிடென்ஸ்' என்ற பிரிவில் எந்தத் தாள் எதற்கு மேல் என்று பார்த்து, அந்தக் கடிதம்தான் மேலே நிற்கும் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வக்கீலிடம் போக வேண்டி வந்தால் "சார், கொஞ்சம் பாருங்க" என்று மொத்தக் கட்டையும் கொடுக்காதீர்கள். கேள்விக்குறி போட்ட வரிகளை மட்டும் காட்டுங்கள். எங்கள் வக்கீல் முதல் தடவை என் சிவப்பு, நீலக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "இதை யாருங்க போட்டது?" என்று கேட்டார். பிறகு பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, ஃபீஸும் பாதிதான் ஆனது.